பதக்கக் கனவுக்கு முன் ஒரு பட்டம்: விளையாட்டு மருத்துவ முதுநிலைப் படிப்பும் மும்பையின் மைதானங்களும்

மும்பை: பாந்த்ரா-குர்லா வளாகத்தில் 2023 அக்டோபரில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் 141-வது அமர்வு நடைபெற்றது. 2036 ஒலிம்பிக் போட்டியை நடத்துவதற்கு இந்தியா எல்லா முயற்சிகளையும் மேற்கொள்ளும் என்று அதன் தொடக்க விழாவில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டைச் சேர்க்கும் முடிவும் அதே அமர்வில்தான் எடுக்கப்பட்டது.

அந்த வளாகத்திலிருந்து மித்தி ஆற்றைக் கடந்தால் தாராவி. அங்கு கபடியோ கிரிக்கெட்டோ ஆடும் 15 வயது மாணவி ஒருவருக்கு முழங்கால் திரும்பிவிட்டதாக வைத்துக்கொள்வோம். வீக்கம் வடிந்ததும் வலி மாத்திரையுடன் மீண்டும் களமிறங்கலாமா, மூட்டுக்குள் தசைநார் கிழிந்திருக்கிறதா, கிழிந்திருந்தால் எத்தனை மாதம் ஓய்வு, திரும்பி வரும்போது எந்த வரிசையில் பயிற்சி என்று அவருக்குச் சொல்லப்போவது யார்? ஒலிம்பிக் கனவின் அடித்தளத்தில் இருக்கும் கேள்வி இதுவே. அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் விளையாட்டு அறிவியலிலும் விளையாட்டு மருத்துவத்திலும் முதுநிலைப் படிப்பு முடித்தவர்கள். அவர்களின் எண்ணிக்கை, பயிற்சி, வேலைவாய்ப்பு ஆகிய மூன்றிலும் நாடு இன்னும் தொடக்க நிலையிலேயே நிற்கிறது.

தாராவியிலிருந்து ஏல மேடைக்கு

திறமைக்குப் பஞ்சமில்லை என்பதைத் தாராவி ஏற்கெனவே நிரூபித்துவிட்டது. பெங்களூருவில் 2024 டிசம்பர் 15 அன்று நடந்த மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில், தாராவியைச் சேர்ந்த சிம்ரன் ஷேக்கை 1.90 கோடி ரூபாய்க்கு குஜராத் ஜயண்ட்ஸ் அணி எடுத்தது. அவரது அடிப்படை விலை 10 லட்சம் ரூபாய் மட்டுமே. அன்றைய ஏலத்தின் மிக உயர்ந்த தொகையும் அதுவே. அதே ஏலத்தில் தமிழகத்தைச் சேர்ந்த 16 வயது ஜி.கமலினியை மும்பை இந்தியன்ஸ் அணி 1.60 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

இத்தகைய அணிகளில் சேரும் நாள் முதல் ஒரு வீராங்கனைக்கு இயன்முறை மருத்துவர், உடல்திறன் பயிற்சியாளர், உணவியல் வல்லுநர் ஆகியோரின் கவனிப்பு கிடைக்கிறது. ஆனால் ஏல மேடைக்கு வரும்வரையிலான பத்தாண்டுகள்தான் உடல் வளரும் காலம்; எலும்பும் தசைநாரும் உறுதிப்படும் காலம். அந்தப் பத்தாண்டுகளில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவர்களில் எவருடைய கவனிப்பும் கிடைப்பதில்லை. ஏலத்தில் பெயர் வருபவர்களை நாடு அறிகிறது. 17 வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீட்டோடு நின்றுவிட்டவர்களின் பெயரை எவரும் குறித்து வைப்பதில்லை.

இரண்டு துறைகள், இரண்டு வாசல்கள்

விளையாட்டு அறிவியல், விளையாட்டு மருத்துவம் என்ற இரண்டு சொற்களும் ஒரே பொருளில் புழங்குகின்றன. மாணவர்களும் பெற்றோரும் முதலில் தடுமாறுவதும் இங்குதான். இரண்டும் வெவ்வேறு துறைகள், நுழைவாயில்களும் வெவ்வேறு.

விளையாட்டு மருத்துவம் என்பது மருத்துவர்களுக்குரிய சிறப்புத் துறை. எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் முதுநிலைத் தேர்வு எழுதி, மூன்றாண்டு எம்.டி. படிப்பில் சேர வேண்டும். பயிற்சிக் காலத்தையும் சேர்த்தால் பள்ளிப் படிப்புக்குப் பின் சுமார் எட்டரை ஆண்டுகள். தேசிய மருத்துவ ஆணையம் அங்கீகரிக்கும் முதுநிலைத் துறைகளின் பட்டியலில் எம்.டி. விளையாட்டு மருத்துவமும் இடம்பெற்றுள்ளது. ஆனால் பொது மருத்துவம், எலும்பியல் போன்ற துறைகளோடு ஒப்பிட்டால் இதற்கான இடங்கள் மிகச் சொற்பம். எலும்பியல் முடித்தவர்கள் தேசியத் தேர்வு வாரியத்தின் ஆய்வுநிலைப் பயிற்சி வழியாகவும் இத்துறைக்கு வரலாம்.

விளையாட்டு அறிவியலுக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. உடற்கல்வி, இயன்முறை மருத்துவம், உயிரியல், ஊட்டச்சத்தியல், உளவியல் ஆகியவற்றில் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் சேரலாம். உழைக்கும் உடலில் இதயமும் நுரையீரலும் தசையும் எவ்வாறு இயங்குகின்றன என்று ஆராயும் உடற்பயிற்சி உடலியங்கியல், அசைவின் கோணத்தையும் விசையையும் அளக்கும் உயிர் இயந்திரவியல், விளையாட்டு உளவியல், விளையாட்டு ஊட்டச்சத்தியல், உடல்திறன் பயிற்சியியல் ஆகியவை இதன் கிளைகள். இவற்றுக்கு இடையில் பாலமாக நிற்பது இயன்முறை மருத்துவத்தில் விளையாட்டுப் பிரிவை எடுத்துப் படிக்கும் எம்.பி.டி. பட்டம்.

சுருக்கமாகச் சொன்னால், காயத்தைக் கண்டறிந்து சிகிச்சை அளிப்பவர் மருத்துவர். காயம் ஆறிய உடலைக் களத்துக்குத் திருப்பி அழைத்து வருபவர் இயன்முறை மருத்துவர். காயமே வராமலிருக்கவும் ஆற்றல் பெருகவும் அளந்து திட்டமிடுபவர் விளையாட்டு அறிவியலாளர். மூவரும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் முடிவு சரியாக அமையும்.

100 கிராம் கற்றுத்தந்த பாடம்

இந்த மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தாலும் என்ன நேரும் என்பதைப் பாரிஸ் ஒலிம்பிக் காட்டியது. 2024 ஆகஸ்ட் 7 அன்று மகளிர் 50 கிலோ மல்யுத்த இறுதிப் போட்டிக்கு முன்பாக, 100 கிராம் கூடுதல் எடைக்காக வினேஷ் போகாட் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். முந்தைய நாள் மூன்று போட்டிகளில் வென்ற பின் அவரது எடை வரம்பைவிட 2 கிலோவுக்கும் மேல் கூடியிருந்தது. இரவு முழுவதும் உடற்பயிற்சி, வியர்வை வெளியேற்றம், முடி குறைப்பு வரை முயன்றும் கடைசி 100 கிராம் குறையவில்லை. அவரது மேல்முறையீட்டை விளையாட்டுக்கான நடுவர் தீர்ப்பாயம் ஆகஸ்ட் 14 அன்று நிராகரித்தது.

அப்போது இந்திய அணியின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தவர் மும்பை கோகிலாபென் மருத்துவமனையின் விளையாட்டு எலும்பியல் நிபுணர் தின்ஷா பர்திவாலா. அவர்மீது விமர்சனம் எழுந்தபோது, எடைப் பிரிவு விளையாட்டுகளில் எடையைப் பேணும் பொறுப்பு வீரருக்கும் பயிற்சியாளருக்கும் உரியது என்றும், சங்கம் நியமித்த மருத்துவக் குழு காயத்தையும் உடல் மீட்சியையும் கவனிப்பதற்கானது என்றும் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி.உஷா விளக்கமளித்தார்.

யார்மீது தவறு என்ற விவாதம் ஓய்ந்துவிட்டது. ஆனால் அந்த விளக்கம் எழுப்பும் கேள்வி ஓயவில்லை. போட்டி நாளில் எவ்வளவு நீர், எவ்வளவு உணவு, எடை எந்த வேகத்தில் திரும்ப ஏறும் என்பதெல்லாம் உடலியங்கியலும் ஊட்டச்சத்தியலும் பல மாதங்கள் ஒரே உடலை அளந்து சொல்ல வேண்டியவை. போட்டிக்குச் சில மாதங்களுக்கு முன் அமைக்கப்படும் குழுவால் அந்த அறிவை ஈட்ட முடியாது. சிறுவயது முதல் ஒரு வீராங்கனையின் உடற்பதிவுகளைப் பேணும் அமைப்பு இருந்தால் மட்டுமே அது இயலும். அத்தகைய அமைப்பை நடத்துவதற்குப் படித்தவர்கள் மாவட்டந்தோறும் தேவை.

மீட்சியின் மறுபக்கம்

எல்லாம் கூடிவந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் மும்பையே சாட்சி. 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் படுகாயமடைந்த ரிஷப் பந்த், டேராடூனிலிருந்து மும்பைக்கு விமானத்தில் கொண்டுவரப்பட்டார். 2023 ஜனவரியில் அவரது முழங்கால் தசைநார்களுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பின்னர் பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியில் நீண்ட மறுவாழ்வுப் பயிற்சி. 2024 மார்ச்சில் ஐ.பி.எல். களத்துக்குத் திரும்பிய அவர், அதே ஆண்டு ஜூனில் டி20 உலகக் கோப்பையை வென்ற அணியிலும் இடம்பெற்றார். அறுவை சிகிச்சை ஒரு நாள் வேலை. மறுவாழ்வு ஓராண்டுக்கும் மேலான வேலை. அந்த இரண்டாவது பகுதியில்தான் முதுநிலை படித்த இயன்முறை மருத்துவர்களும் உடல்திறன் வல்லுநர்களும் இரவு பகலாக உழைக்கின்றனர்.

வேகப்பந்து வீச்சாளர் ஜஸ்பிரீத் பும்ரா மற்றோர் எடுத்துக்காட்டு. முதுகுக் காயத்தால் 2022 டி20 உலகக் கோப்பையைத் தவறவிட்டு, 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். முதுகுப் பிரச்சினை திரும்பியதால் 2025 சாம்பியன்ஸ் கோப்பையிலும் ஆடவில்லை. அதன்பின் இங்கிலாந்து தொடரில் ஐந்து டெஸ்டுகளில் மூன்றில் மட்டுமே அவர் களமிறக்கப்பட்டார். ‘பணிச்சுமை மேலாண்மை’ என்ற சொல் கிரிக்கெட் ரசிகர்களின் அன்றாடப் பேச்சில் கலந்தது இப்படித்தான்.

இதே அறிவியல் பள்ளி மைதானத்துக்கும் பொருந்தும். வளரும் வயதில் அளவுக்கு மீறிப் பந்து வீசினால் கீழ் முதுகெலும்பில் நுண்முறிவு ஏற்படும் அபாயம் அதிகம். இதனால் இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம், 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்கள் தொடர்ச்சியாக 5 ஓவர்களுக்கும் ஒரு நாளில் 10 ஓவர்களுக்கும் மேல் வீசக்கூடாது என்று வழிகாட்டுதல் வகுத்தது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ காலையில் பள்ளி அணிக்கும் மாலையில் பயிற்சி முகாமுக்கும் பந்து வீசும் சிறுவனின் ஓவர்களைக் கூட்டிக் கணக்கு வைப்பவர் யார்? அதற்கு ஆய்வகம் வேண்டாம். ஒரு குறிப்பேடும், அதை வாசித்து ‘போதும்’ என்று சொல்லும் அதிகாரம் பெற்ற ஒருவரும் போதும்.

பெண்களின் உடல், ஆண்களின் பாடநூல்

மும்பை அருகே நவி மும்பையில் 2025 நவம்பர் 2 அன்று இந்திய மகளிர் அணி ஒருநாள் உலகக் கோப்பையை முதல்முறையாக வென்றது. அதே மைதானத்தில் ஒரு வாரம் முன்பு வங்கதேசத்துக்கு எதிரான ஆட்டத்தில் தொடக்க வீராங்கனை பிரதிகா ராவல் கணுக்காலில் காயமடைந்து தொடரிலிருந்து விலகினார். அவருக்குப் பதிலாக வந்த ஷெஃபாலி வர்மா இறுதிப் போட்டியில் 87 ரன் குவித்து ஆட்ட நாயகியானார். வெற்றியின் வெளிச்சத்தில் மறைந்துபோகும் உண்மை ஒன்று உண்டு: உயர்மட்டப் பெண் விளையாட்டு வளர வளர, பெண் உடலைப் பற்றிய தனி அறிவும் வளர்ந்தாக வேண்டும்.

திடீரென நின்று திரும்பும் விளையாட்டுகளில், முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழியும் அபாயம் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. தேவைக்கும் குறைவாக உண்டு அதிகமாக உழைக்கும்போது மாதவிடாய் தடைபடுவது, எலும்பு வலுவிழப்பது, காயம் பெருகுவது ஆகியவற்றைச் சேர்த்து ‘ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு’ என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் பெயரிட்டது. பாரிஸில் 1 கிலோ வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்ட பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு, தமது மாதவிடாய் நாள்களில் அப்போட்டி அமைந்ததை வெளிப்படையாகக் குறிப்பிட்டார். நெடுங்காலம் பேசப்படாமலிருந்த ஒன்று அன்று பொதுவெளிக்கு வந்தது.

இந்தியச் சூழலில் இதனுடன் இரத்தசோகையும் சேர்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை உள்ளது. இரத்தசோகையுள்ள பெண்ணின் தசைகளுக்கு ஆக்சிஜன் குறைவாகவே சென்று சேரும். பயிற்சியாளர் அதைச் சோம்பல் என்று எண்ணி மேலும் இரண்டு சுற்று ஓடச் சொல்வார். அரசு மருத்துவமனைகளில் எளிதாகக் கிடைக்கும் இரத்தப் பரிசோதனை ஒன்றே போதுமான இடத்தில், ஒரு விளையாட்டு வாழ்வு முடிந்துபோகிறது.

தீர்வுகள் எப்போதும் செலவு மிக்கவை அல்ல. கால்பந்துக்காக வடிவமைக்கப்பட்ட ‘ஃபிஃபா 11+’ என்ற 20 நிமிடத் தயார்நிலைப் பயிற்சி இதற்குச் சான்று. நார்வேயில் 1,892 இளம் வீராங்கனைகளிடையே நடத்தப்பட்டு 2008-ல் வெளியான ஆய்வில், இப்பயிற்சியைச் செய்த அணிகளில் கடுமையான காயங்களின் அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. தாராவியில் உள்ள மாவட்ட விளையாட்டு வளாகத்திலும், மாட்டுங்கா இந்தியன் ஜிம்கானாவின் கூடைப்பந்துக் களத்திலும், செம்பூரின் பள்ளித் திடல்களிலும் நாளையே தொடங்கக்கூடிய பயிற்சி இது. அதைச் சரியாகக் கற்றுத்தர, தவறான அசைவைக் கண்டதும் திருத்த, ஒரு படித்த கண் வேண்டும்.

ஊக்கமருந்து: அறியாமையின் விலை

இத்துறையில் ஆள் இல்லாமையின் மிக வேதனையான விளைவு ஊக்கமருந்துப் புள்ளிவிவரங்களில் தெரிகிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் கணக்குப்படி, இந்தியாவில் 2023-ல் 5,606 மாதிரிகள் சோதிக்கப்பட்டு 213 மாதிரிகளில் தடைசெய்யப்பட்ட பொருள் காணப்பட்டது. 2024-ல் 7,113 மாதிரிகளில் 260. அதாவது முறையே 3.8, 3.6 சதவீதம். பெருமளவில் சோதனை நடத்தும் நாடுகளில் இதுவே மிக அதிகமான விகிதம்.

இவர்கள் அனைவரும் தெரிந்தே ஏமாற்றியவர்கள் என்று கருதிவிட முடியாது. கலப்படமான புரதப் பொடி, அருகிலுள்ள உடற்பயிற்சிக் கூடத்தில் ‘நல்ல சத்து’ என்று கொடுக்கப்பட்ட ஊசி, சளிக்கு வாங்கிய மாத்திரை என வழிகள் பல. விதி இதில் கருணை காட்டுவதில்லை. உடலுக்குள் என்ன இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு. தண்டனை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. எந்த மருந்து தடைப்பட்டியலில் உள்ளது, நோயுற்ற வீரர் எவ்வாறு முன்அனுமதி பெறலாம் என்பதெல்லாம் விளையாட்டு மருத்துவப் பாடத்திட்டத்தின் அடிப்படை. அந்தப் பாடம் படித்தவர் அருகில் இல்லாத இடத்தில் ஆலோசகராக அமர்வது மருந்து விற்பவரே.

மற்ற நாடுகள் வந்த வழி

இத்துறை ஒரே நாளில் எங்கும் வளர்ந்துவிடவில்லை. சர்வதேச விளையாட்டு மருத்துவக் கூட்டமைப்பு 1928-ல் உருவானது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1927 முதல் 1947 வரை இயங்கிய ‘களைப்பு ஆய்வகம்’, உழைக்கும் உடலைப் பற்றிய நவீன அறிவுக்கு அடித்தளமிட்டது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட வெல்லாமல் திரும்பிய ஆஸ்திரேலியா, 1981-ல் கான்பெராவில் தேசிய விளையாட்டு நிறுவனத்தைத் திறந்து, அறிவியலாளர்களைப் பயிற்சியாளர்களோடு ஒரே கூரையின் கீழ் அமர்த்தியது. பிரிட்டன் 2005-ல் விளையாட்டு, உடற்பயிற்சி மருத்துவத்தைத் தனிச் சிறப்புத் துறையாக அங்கீகரித்தது. அங்கு இத்துறை மருத்துவர்கள், வீரர்களோடு சர்க்கரை நோயாளிகளுக்கும் மூட்டுவலியுள்ள முதியோருக்கும் உடற்பயிற்சியை மருந்தாக எழுதித் தருகின்றனர். விளையாட்டு மருத்துவம் பொதுச் சுகாதாரத்தோடு இணையும் இடம் அதுவே.

இந்தியாவின் முன்வரலாறும் குறைந்ததன்று. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-ல் தொடங்கப்பட்டது. குவாலியரில் லட்சுமிபாய் உடற்கல்வி நிறுவனம் 1957-லும், பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961-லும் எழுந்தன. உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் தனிப் பல்கலைக்கழகம் அமைக்க 2004-ல் சட்டம் இயற்றியது தமிழ்நாடு. மணிப்பூரில் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் 2018-ல் நிறைவேறியது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் 2010-ல் திறக்கப்பட்ட விளையாட்டுக் காய மையம், பொது மருத்துவமனையிலும் இச்சேவையை அளிக்க முடியும் என்பதற்கு முன்மாதிரி.

சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வகம் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றது. பந்துவீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீள்கிறதா என்று அளக்க மேற்கிந்தியத் தீவுகளின் சுனில் நரைன் முதல் வங்கதேசத்தின் ஷாகிப் அல் ஹசன் வரை அங்கு வந்துள்ளனர். சென்னை ஐ.ஐ.டி.யில் விளையாட்டு அறிவியல், தரவு பகுப்பாய்வுக்கென உயர்சிறப்பு மையம் இயங்குகிறது. விஜேடிஐ, ஐசிடி என்ற இரண்டு புகழ்பெற்ற நிறுவனங்களைக் கொண்ட மாட்டுங்காவின் மாணவர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு: உணரிகள், காணொளிப் பகுப்பாய்வு, உயிர் வேதியியல் என்று பொறியியல், வேதித் தொழில்நுட்பம் வழியாகவும் இத்துறைக்குள் நுழைய இடமிருக்கிறது.

படித்தபின் வேலை எங்கே?

ஆயினும், பட்டம் பெற்றவர்களுக்கு நிலையான வேலை கிடைக்கிறதா என்பதே பெற்றோரின் முதல் கேள்வி. அது நியாயமான கேள்வியும்கூட. இந்திய விளையாட்டு ஆணையம் 2022-ல் உயர்திறன் பகுப்பாய்வாளர் பணிக்கு ஒப்பந்த அடிப்படையில் 138 பேரைத் தேர்ந்தெடுக்க அறிவிப்பு வெளியிட்டது. அவற்றில் இயன்முறை மருத்துவம் 42, உடல்திறன் பயிற்சி 42, உடலியங்கியல், உளவியல், உயிர் இயந்திரவியல், ஊட்டச்சத்தியல் தலா 13, உயிர் வேதியியல் 2. இந்த எண்கள் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. ஒன்று, துறையின் தேவையை அரசு உணர்ந்துள்ளது. மற்றொன்று, 140 கோடி மக்கள் கொண்ட நாட்டுக்கு 13 உளவியலாளர்கள் என்ற அளவிலேயே அந்த உணர்வு நிற்கிறது. அதுவும் ஒப்பந்தப் பணியாக.

தொழில்முறைத் தகுதி குறித்த தெளிவின்மையும் நீடிக்கிறது. இணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-ல் தேசிய ஆணையச் சட்டம் வந்தது. ஆனாலும் இயன்முறை மருத்துவர்கள் பெயருக்கு முன் ‘டாக்டர்’ என்று போடக்கூடாது என 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் கடிதம் எழுதி, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. முதுநிலை வரை படித்த ஒருவர் தம்மை என்னவென்று அழைத்துக்கொள்வது என்பதே முடிவாகாத நிலையில், குறுகிய காலச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கும் அவருக்கும் உள்ள வேறுபாட்டைச் சாதாரணப் பெற்றோர் எவ்வாறு அறிவர்?

இந்நிலையில் திறமையான பட்டதாரிகள் கிரிக்கெட் அணிகளையும் பெரிய தனியார் மருத்துவமனைகளையும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களையும் நோக்கி நகர்வது இயல்பே. அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. தேவை இருக்கும் இடத்தில் பதவி இல்லை. பதவி இருக்கும் இடத்தில் ஏற்கெனவே கவனிப்பு இருக்கிறது.

மும்பை செய்யக்கூடியது

இந்த இடைவெளியை நிரப்ப மும்பைக்கு நல்ல அடித்தளம் உண்டு. தாராவியை ஒட்டியே மாநகராட்சியின் லோகமான்ய திலக் மருத்துவமனை, அதாவது மக்கள் அழைக்கும் சயான் மருத்துவமனை, மருத்துவக் கல்லூரியோடு இயங்குகிறது. பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் பள்ளி 1950-களின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது, நாட்டின் முன்னோடி. விபத்திலும் வேலையிலும் அடிபட்ட உழைக்கும் மக்களைக் கவனித்த அனுபவம் இந்நிறுவனங்களுக்கு உண்டு. வாரத்தில் சில மணி நேர விளையாட்டுக் காயப் புறநோயாளிப் பிரிவு, அதில் முதுநிலை மாணவர்களுக்குக் கட்டாயப் பயிற்சி, அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளிகளோடு இணைப்பு ஆகியவை பெரிய நிதியைக் கோருவன அல்ல. மாணவருக்கு அனுபவம், பிள்ளைக்குச் சிகிச்சை.

மத்திய அரசின் கொள்கை ஏட்டளவில் இதற்கு இடம் தருகிறது. பல்கலைக்கழகங்களில் விளையாட்டு அறிவியல் துறைகளையும், மருத்துவக் கல்லூரிகளில் விளையாட்டு மருத்துவத் துறைகளையும் தொடங்க உதவும் திட்டம், தேசிய விளையாட்டு அறிவியல் ஆராய்ச்சி மையத்தின் ஒரு பகுதியாக உள்ளது. 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘கேலோ பாரத் நீதி’ என்ற புதிய விளையாட்டுக் கொள்கையும் அறிவியல், மருத்துவம், தொழில்நுட்பம் ஆகியவற்றின் பங்கை வலியுறுத்துகிறது. கொள்கை பதவியாகவும், பதவி மைதானத்தில் நிற்கும் மனிதராகவும் மாறும் வரை அது காகிதமே. தாராவி மறுசீரமைப்புத் திட்டம் நகரின் வரைபடத்தையே மாற்றவிருக்கும் நிலையில், விளையாட்டுத் திடலுக்கான இடத்தோடு அத்திடலின் ஓரத்தில் ஒரு சிறிய சிகிச்சை அறைக்கான இடத்தையும் குறித்துவிடுவது இப்போது எளிது. கட்டடங்கள் எழுந்தபின் அரிது.

சேர விரும்பும் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

இத்துறையில் முதுநிலைப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் சில கேள்விகளுக்கு விடை பெற்ற பின்னரே கட்டணம் செலுத்துவது நல்லது. நிறுவனத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உள்ளதா? மருத்துவப் படிப்பெனில் தேசிய மருத்துவ ஆணையத்தின் அனுமதி உள்ளதா? ஆய்வகக் கருவிகள் மாணவர் கைக்குக் கிடைக்கின்றனவா, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து காட்டப்படுகின்றனவா? ஏதேனும் ஓர் அணியோடு முழுப் பருவமும் பணியாற்றும் களப்பயிற்சி பாடத்திட்டத்தில் உள்ளதா? முந்தைய ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே பணியாற்றுகிறார்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் தராத நிறுவனத்தின் விளம்பரப் பலகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பொருட்படுத்தத் தேவையில்லை.

புள்ளியியலும் ஆங்கில ஆய்வுக் கட்டுரை வாசிப்பும் இப்படிப்பில் தவிர்க்க முடியாதவை. அதேவேளை, தாய்மொழியில் விளக்கத் தெரிவதும் ஒரு தொழில்திறனே. தாராவியில் வசிக்கும் ஒரு தாயிடம், மகளின் முழங்காலுக்கு ஏன் ஒன்பது மாதம் பொறுக்க வேண்டும் என்பதைத் தமிழிலோ மராத்தியிலோ இந்தியிலோ புரியவைக்க முடியாத நிபுணரின் அறிவு, அறிக்கையோடு நின்றுவிடும்.

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்தில் நடைபெறவுள்ளது. 2036 ஒலிம்பிக்குக்கான விருப்பக் கடிதத்தை இந்தியா 2024 அக்டோபரில் அளித்துவிட்டது. பாரிஸில் 117 பேர் கொண்ட அணி 6 பதக்கங்களுடன் திரும்பியது. ஆறு முறை நான்காம் இடத்தில் நின்றது. நான்காம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் உள்ள தொலைவு பெரும்பாலும் ஒரு கிலோவோ, ஒரு நொடியின் சிறு பங்கோதான். அந்தச் சிறு தொலைவைக் கடக்க உதவும் துறை இது.

2036-ல் 22 வயதாகி நிற்கப்போகும் வீராங்கனை, இன்று தொடக்கப் பள்ளியை முடித்திருக்கும் சிறுமி. அவரது முழங்காலைப் பார்க்கப்போகும் மருத்துவர் இன்று எம்.பி.பி.எஸ். வகுப்பில் இருந்தாக வேண்டும். விளையாட்டரங்கைச் சில ஆண்டுகளில் கட்டி முடித்துவிடலாம். ஒரு விளையாட்டு மருத்துவர் உருவாக எட்டரை ஆண்டுகள் ஆகும். கணக்கை இன்றே தொடங்காவிட்டால், மித்தி ஆற்றின் அக்கரையில் அறிவிக்கப்பட்ட கனவு இக்கரை வந்து சேரத் தாமதமாகிவிடும்.